பெடோங் ஜப்பான் பண்டல் கடையில மரக்கட்ட அச்சு படம்: வாங்குறவங்க மொதல்ல படத்தோட முதுகப் பாருங்க

பண்டல் கடைனா, வெளிநாட்டு பழைய சாமான் விக்கிற கடை, அங்க பழைய சட்ட சிலுவார் தான்னு நெனச்சிக்கிட்டு நம்ம கெடா பெடோங் பழைய ரோட்டுல இருக்கிற அந்த ஜப்பான் சாமான் கடைய தாண்டிப் போறவங்க நெறைய பேரு, நானும் ஒரு வருசம் அப்படித்தான் போய்க்கிட்டிருந்தேன். போர்டுல பேரு கூட கெடையாது, "ஜப்பான் பண்டல்"னு செவப்பு எழுத்து மட்டும் இருக்கும், ரெண்டு கடைய சேத்து ஒண்ணாக்குன எடம், வெளிய பழைய சைக்கிளு, தூண்டி கம்பு, பிள்ளைங்க உக்கார்ற கார் சீட்டு. போன தீபாவளிக்கு முன்ன இருந்து இது வரைக்கும் ஆறு தடவ போயிருக்கேன், நாலு படம் வாங்கிருக்கேன், அதப் பத்தி தான் எழுதுறேன். நீளமா தான் வரும். ஏன்னா அங்க கெடக்குற படத்துல பாதி நெசமா மரத்துல செதுக்கி கையால அச்சு எடுத்தது, பாதி வெறும் மெஷின் பிரிண்டு, ரெண்டும் ஒரே பெட்டியில ஒரே வெலையில கெடக்கு, பாக்கத் தெரியாம போனா காசு வீணு.

மொத தடவ நான் போனது கிண்ணம் வாங்க. கிண்ணம் ஒண்ணு 3 வெள்ளி (ரிங்கிட்), நல்ல கனமான கிண்ணம், அத எடுத்துக்கிட்டு பின்பக்கம் போனா பாத்திர தட்டுக்கு அந்தாண்ட நாலு பெரிய பிளாஸ்டிக் பெட்டி. உள்ள ஒடஞ்ச ஃபிரேமு, பழைய காலண்டரு, யாரோ ஒருத்தரோட கல்யாண போட்டோ, அதுக்கெல்லாம் அடியில ரெண்டா மடிச்ச ஒரு கெட்டி அட்ட. தொறந்தேன். எடது பக்கம் செங்குத்தா ஒரு மலச்சரிவு, கிட்டத்தட்ட பாதி படம் அதுவே தான், அதோட உச்சி மூலையில சின்னதா ரெண்டு மூணு ஆளு எட்டிப் பாக்குறாங்க, பாதத்துக்கு கீழ ஒண்ணும் இல்ல, பைன் மரம் சரிவுல இருந்து காத்துக்கு சாஞ்சி வளந்து நிக்குது, கீழ நீலமா கடலு, வெள்ள பாய் போட்ட படகுங்க, அதுக்கும் அந்தப் பக்கம் பனி மூடுன ஃபுஜி மலை. கிண்ணத்த கீழ வெச்சிட்டு அங்கயே குந்திட்டேன்.

நம்ம பக்கத்து ஆளுங்களுக்கு இது சொல்லாமலே புரியும். ஜெராய் மலை 1217 மீட்டர் தான், ஃபுஜி 3776, மூணுல ஒரு பங்கு கூட வராது, ஆனா சுத்தி வயக்காடும் கடலுமா தட்டையா கெடக்குறதால தனியா நிமிந்து நிக்கும், எங்க இருந்து பாத்தாலும் தெரியும், ஒவ்வொரு எடத்துல இருந்தும் வேற மாதிரி தெரியும். எங்க லயத்து வாசல்ல இருந்து பாத்தா அகலமா படுத்திருக்கும், யான்ற ஊரு பக்கம் வயல்ல இருந்து பாத்தா தலைக்கு மேல வந்து நிக்கும், தஞ்சோங் டாவாய்ல அப்பா கருவாடு வாங்க கூட்டிட்டுப் போவாரு, அங்க படகுக்குப் பின்னால நீலமா லேசா நிக்கும். கடாரத்துக்கு கப்பல்ல வந்தவங்க கடல்ல இருந்து இந்த மலைய தான் அடையாளமா வெச்சாங்கன்னு ஸ்கூல்ல வாத்தியார் சொல்லுவாரு. அந்த படத்துல ஃபுஜிய பாத்தப்ப எனக்கு ஞாபகம் வந்தது அந்த தஞ்சோங் டாவாய் ஜெராய் தான்.

வீட்டுக்கு வந்து தேடிப் பாத்தேன். ஹிரோஷிகேன்னு ஒரு ஓவியரு, 1797ல பொறந்து 1858ல எறந்தவரு, எடோவுல இருந்து கியோத்தோ போற தொக்காய்தோ ரோட்டுல இருந்த 53 தங்குற எடத்தையும் 1830கள்ல படமா போட்டாரு. எடோன்னா இப்ப இருக்கிற தோக்கியோ. 53 எடம், அதோட கெளம்புற பாலம் ஒண்ணு, போய் சேர்ற கியோத்தோ ஒண்ணு, மொத்தம் 55 படம். அந்த ரோடு சுமாரா 500 கிலோமீட்டர், நம்ம சுங்கை பட்டாணியில இருந்து கேஎல்ல தாண்டி மலாக்கா போற தூரம், அத்தனையும் அப்ப நடையா தான் போவாங்க. என் கையில கெடச்சது யுயின்ற ஊரு, 16வது தங்குற எடம், சத்தா கணவாய். கடலுக்கும் மலைக்கும் நடுவுல வேற வழி இல்லாத எடம், அதனால தான் அந்த ஆளுங்க சரிவு ஓரமா நிக்கிறாங்க.

இப்ப முக்கியமான விசயத்துக்கு வர்றேன். நான் வாங்குனது ஹிரோஷிகே காலத்து அச்சு இல்ல, அது இந்த மாதிரி கடைக்கு வரவே வராது. அந்த படங்கள பிற்காலத்துல திரும்பவும் புதுசா மரத்துல செதுக்கி, அதே முறையில கையால அச்சு எடுத்து வித்திருக்காங்க, ஜப்பான்ல வீடுகள்ல அப்படி நெறைய இருக்கு, பெரியவங்க எறந்த பின்னால வீட்ட காலி பண்றப்ப அந்த சாமான்லாம் கன்டெய்னர்ல ஏறி இங்க வருது. பழசு இல்லன்னு சொல்லி அத தள்ளிடாதீங்க. செதுக்குனது ஒரு ஆளோட கை, சாயம் தேச்சது இன்னொரு ஆளோட கை, ஒவ்வொரு தாளும் தனித்தனியா எடுத்தது. மெஷின் பிரிண்டுக்கும் இதுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

எப்படி கண்டு பிடிக்கிறது? நான் சுங்கை பட்டாணியில ஒரு எலக்ட்ரானிக் ஃபேக்டரில கியூசி, அதாவது தரம் பாக்குற வேல, 19 வருசமா சர்க்யூட் போர்ட பாத்து பாத்து என் பையில எப்பவும் ஒரு 10 மடங்கு லென்சு இருக்கும். மொத நாளே அத எடுத்து வெச்சிப் பாத்தேன். மெஷின் பிரிண்டா இருந்தா நீலம், செவப்பு, மஞ்ச, கறுப்பு புள்ளி புள்ளியா வட்டமா அடுக்கி இருக்கும், பச்சையா தெரியிற எடத்துல நீலப் புள்ளியும் மஞ்சப் புள்ளியும் பக்கத்துல பக்கத்துல நிக்கும். மரக்கட்ட அச்சுல புள்ளியே கெடையாது. கடலு நீலம்னா முழுக்க நீலம், தாளோட நாருக்குள்ள எறங்கி இருக்கும், அகலமான எடத்துல மரத்தோட ரேகை கூட லேசா தெரியும். லென்சு இல்லன்னா பரவால்ல, ஹேண்ட்போன் கேமராவ கிட்ட வெச்சி ஜூம் பண்ணுங்க, புள்ளி இருந்தா அதுலயே தெரிஞ்சிடும்.

அதுக்கு மேல நம்பிக்கையான சோதன ஒண்ணு இருக்கு, தாள திருப்பிப் பாக்குறது. அட்டையில ஒட்டாம இருந்தா கண்டிப்பா திருப்பணும். நல்ல மரக்கட்ட அச்சுல பின்பக்கமும் படம் பேய் மாதிரி மங்கலா தெரியும், ஏன்னா சாயம் தண்ணி சாயம், தாள ஈரமா வெச்சி பின்பக்கத்துல இருந்து கையால தேச்சி தேச்சி உள்ள எறக்குறாங்க. தேய்க்கிற சாமானுக்கு பேரு பாரென், உள்ளங்கை அளவு வட்டத் தட்டு, உள்ள கயிற சுருட்டி வெச்சி மேல மூங்கில் பாளைய இறுக்கி கட்டுனது. அது போன தடம் சில எடத்துல வட்ட வட்டமா பின்னால தெரியும். என் யுயி படத்த திருப்பி ஜன்னல் வெளிச்சத்துல சாய்ச்சிப் பிடிச்சா மேல வானத்துல அந்த தடம் மொத்தமும் தெரியுது, எந்த எடத்துல அழுத்துனாரு, எங்க லேசா விட்டாருன்னு சொல்லலாம். கோடு ஓடுற எடத்துல விரல வெச்சா லேசா பள்ளம் தட்டுப்படும். அந்த தாளும் சாதா தாள் இல்ல, கோஜோன்னு ஒரு செடியோட பட்டையில இருந்து எடுக்குற நாரு, நீளமான நாரு, அதனால தான் ஈரத்தோட அத்தன தடவ தேச்சும் கிழியாம தாங்குது.

இது தெரியாம நான் ஏற்கனவே ஒரு தடவ ஏமாந்திருக்கேன். ரெண்டு வருசத்துக்கு முன்ன ஓன்லைன்ல ஒருத்தங்க கிட்ட ஹொக்குசாய்ன்ற ஜப்பான் ஓவியரோட அலை படம், "அசல் மரக்கட்ட அச்சு"ன்னு போட்டிருந்தாங்க, 120 வெள்ளி, போஸ்ட் காசு தனி. வந்தத பிரிச்சி லென்சு வெச்ச உடனே புள்ளி. பின்பக்கம் பளிச்சின்னு வெள்ளையா ஒண்ணுமே இல்லாம இருந்துச்சு. காசு திருப்பிக் கேட்டு எழுதுனேன், பதிலே வரல. அன்னைக்கு கஷ்டமா போச்சி, ஏன்னா அது எங்க தம்பி புது வீட்டுக்கு குடுக்கணும்னு சேத்து வெச்ச காசு. அதனால தான் சொல்றேன், திருப்பிப் பாக்க விடாத எடத்துல வாங்காதீங்க. இந்த பண்டல் கடையில அந்த பிரச்சன இல்ல, நீங்க எவ்ளோ நேரம் குந்தி பெட்டிய கெளறுனாலும் யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க, வேலைக்கு இருக்கிற தங்கச்சி ஒரு சின்ன நாற்காலி கூட எடுத்துட்டு வந்து "உக்காந்து பாருங்க கா, முட்டி வலிக்கும்"னு போட்டுச்சு.

எங்கப்பா கதைய இதுல சொல்லியாகணும். அப்பா 31 வருசம் ரப்பர் தோட்டத்துல பால் வெட்டுனவரு, விடியக்காத்தால நாலரைக்கு தலையில லைட்ட கட்டிக்கிட்டு போய்டுவாரு, பெரட்டு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்குறது) கலஞ்ச ஒடனே மொத மரத்துல கத்திய வெச்சிடுவாரு. இப்ப கண்ணு கொஞ்சம் மங்கல், பேச்சும் கொறைவு, டிவி கூட பாக்க மாட்டாரு. யுயி படத்த மேசையில வெச்சிட்டு டீ போட போனேன், வந்து பாத்தா படத்த மூக்குக்கு கிட்ட வெச்சிருக்காரு.

"இது என்னா மா, பேனாவுல போட்டதா?"

"இல்லப்பா, மரத்துல வெட்டி அதுல சாயத்த தடவி அமுக்குறது."

"எத வெட்டுறான்? கோட்டையா, கோட்டுக்கு வெளியவா?"

நான் இது வரைக்கும் எத்தனையோ பேருக்கு அந்த படத்த காட்டிருக்கேன், யாரும் கேக்காத கேள்வி அது. வெளியத்தான் வெட்டுறாங்க. மெல்லிசான தாள்ல ஓவியர் போட்ட கோட்ட கவுத்து மரப்பலகையில ஒட்டி, ஒவ்வொரு கோட்டுக்கும் ரெண்டு பக்கமும் கத்தியால ஓட்டி, நடுவுல இருக்கிறத எல்லாம் உளியால தோண்டி எடுத்துட்டா கோடு மட்டும் மேடா நிக்கும். மரம் மலைச் செர்ரி, இறுகுன மரம், அதனால தான் முடி மாதிரி கோடு கூட ஒடையாம நிக்குது. இத சொன்ன உடனே அப்பா அந்த பைன் மர ஊசி இலைங்கள விரலால காட்டி, "அப்ப இதுல ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு வெட்டு"ன்னாரு. அப்புறம் ரொம்ப நேரம் கழிச்சி, கத்தி ஆழம் போனா அந்த கோடு அடுத்த தடவ தேய்க்கிறப்ப முறிஞ்சிடும்ல, அவனுக்கு கையில அளவு இருந்திருக்குன்னு சொன்னாரு. பால் மரத்துலயும் அதே தான், பட்டைய மெல்லிசா சீவணும், ஒரு மயிரு ஆழம் போனா மரத்துல காயம் பட்டு அந்த எடம் முண்டு முண்டா வீங்கிடும், மறுபடி அந்த பட்டையில நேரா வெட்ட முடியாது, மண்டோர் (கங்காணி) பாத்தா அன்னைக்கு திட்டு தான். அப்பா பட்டையில காயமே இருக்காதுன்னு தோட்டத்துல பேரு. எனக்கு தெரிஞ்சி அப்பா தன் வேலைய பத்தி அவ்ளோ நேரம் பேசுனது அன்னைக்கு தான்.

நெறம் எப்படி சரியா உக்காருதுன்னும் கேட்டாரு. ஒவ்வொரு நெறத்துக்கும் தனிப் பலகை, ஒரே தாள் பலகைக்கு பலகை மாறி மாறிப் போகும், அது நகராம இருக்க பலகையோட ஒரு மூலையில எல் மாதிரி ஒரு வெட்டும் ஓரத்துல ஒரு நேர் வெட்டும் இருக்கும், கென்தோன்னு பேரு, தாள அதுல முட்டி வெச்சா எல்லா நெறமும் சரியா விழும். எங்க ஃபேக்டரில போர்டு மேல பேஸ்ட் பிரிண்டு பண்றப்ப மெஷின் கேமரா வெச்சி அடையாளப் புள்ளிய பாத்து நேர் பண்ணும், அப்பவும் சில நேரம் நகந்துடும், நாங்க எடுத்து தள்ளிடுவோம். கேமரா இல்லாம ஈரத் தாள்ல, அதுவும் ஈரத்துல விரியிற சுருங்குற தாள்ல, கையால அத செஞ்சிருக்காங்கன்னா என்னால இன்னமும் முழுசா நம்ப முடியல. லென்சுல பாத்தா என் படத்துல ஒரே ஒரு பாய்ல மட்டும் நீலம் கால் மில்லி வெளிய போயிருக்கு. அத நான் குறையா எடுத்துக்கல.

எனக்கு ரொம்ப பிடிச்சது வானம். மேல ஓரத்துல கெட்டியா இருக்கிற நெறம் கீழ வர வர கரைஞ்சி போயிடும், பொக்காஷின்னு சொல்வாங்க. அது பலகையில செதுக்குனது இல்ல, பலகை தட்டையா தான் இருக்கும், ஈரத்தையும் சாயத்தையும் பிரஷ்ல ஒரு பக்கமா எடுத்து தடவி ஒவ்வொரு தாளுக்கும் அச்சு எடுக்கிறவரு புதுசா கரைக்கணும். அதனால ஒரே பலகையில எடுத்த ரெண்டு படத்துல வானம் ஒண்ணா இருக்காது. ரெண்டாவது தடவ போனப்ப அதே பெட்டியில இன்னொரு யுயி இருந்துச்சு, பக்கத்துல வெச்சிப் பாத்தேன், அதுல மேல கரை அகலமா இருந்துச்சு, அந்தி மாதிரி. அத என் கூட வேல செய்ற அக்கா வாங்கிட்டாங்க.

ஹொக்குசாய் பத்தி சொல்லாம விட முடியாது, ஏன்னா அந்த பெட்டியில அதிகமா இருக்கிறது அவரோட அலை தான், ஆனா அதுல மரக்கட்ட அச்சு கம்மி, நான் பாத்த ஏழுல ரெண்டு தான் நெசம். 1760ல பொறந்தவரு, அந்த அலைய போடுறப்ப வயசு 70 கிட்ட. அந்த அலை இருக்கிற பட வரிசைக்கு ஃபுஜியோட 36 காட்சின்னு பேரு, நல்லா வித்ததால இன்னும் 10 சேத்து 46 படம். எல்லாரும் அலைய பாக்குறாங்க, நடுவுல பள்ளத்துல சின்னதா ஒரு மலை இருக்கே, அது தான் ஃபுஜி, அலைய விட சின்னதா இருக்கு, அத பாத்துட்டு படகுங்கள பாருங்க, மூணு படகு, மீன ஊருக்கு வேகமா கொண்டு போற துடுப்புப் படகு, ஆளுங்க தலைய குனிஞ்சி துடுப்ப கட்டிப் பிடிச்சிருக்காங்க. கரையில இருந்து கடல பாக்குறவங்களுக்கு இந்த படம் அழகா தெரியும், கடலுக்கு போறவங்களுக்கு பயமா தெரியும், தஞ்சோங் டாவாய்ல மீன் விக்கிற ஒரு பாக்சிக் (மலாய் பெரியவரு) கிட்ட ஹேண்ட்போன்ல காட்டுனேன், அவரு அலைய பாக்கவே இல்ல, படகோட மூக்க பாத்துட்டு அது தப்பிச்சிடும்னாரு.

அந்த நீலத்துக்கு ஒரு கதை இருக்கு. பெர்லின்ல 1700களோட ஆரம்பத்துல கண்டு பிடிச்ச செயற்கை நீலம், கப்பல்ல ஜப்பானுக்கு வந்து, 1830 வாக்குல வெல கொறஞ்சி எல்லா அச்சுக்காரங்களும் வாங்குற மாதிரி ஆச்சு, பெரோன்னு பேரு வெச்சாங்க, பெர்லின் தான் அங்க பெரோவாச்சு. அதுக்கு முன்ன இருந்த நீலம் பூவுல இருந்தும் அவுரியில இருந்தும் எடுத்தது, பூ நீலம் சீக்கிரமே வெளுத்துடும். இந்த நீலம் வந்த பின்னால தான் கடலும் தூரத்து மலையும் வானமும் அவ்ளோ ஆழமா வந்துச்சு. அப்ப இந்த படங்க பெரிய மனுசங்களுக்குன்னு செஞ்சது இல்ல, ஒரு ரெண்டு கிண்ணம் மீ (நூடுல்ஸ்) வெலைக்கு தெருவுல வித்தது, வாங்குனவங்க செவுத்துல ஒட்டிக்கிட்டாங்க. பெடோங்ல 35 வெள்ளிக்கு கெடக்குறது அந்த படத்துக்கு கேவலம் இல்ல, அதோட சொந்த எடத்துக்கு தான் திரும்ப வந்திருக்கு.

மூணாவதா நான் வாங்குனது கவாசே ஹசுயின்ற ஓவியரோட படம். 1883ல இருந்து 1957 வரைக்கும் இருந்தவரு. இவரோட படத்துல பெரும்பாலும் ஆளு ஒருத்தர் தான் இருப்பாரு, பல படத்துல அதுவும் இல்ல, மழ, பனி, நெலா வெளிச்சம், தண்ணி ஓரத்துல ஒரு வீட்டு ஜன்னல்ல மஞ்ச லைட்டு. 1923 செப்டம்பர்ல வந்த பெரிய நெலநடுக்கத்துல தீப்பிடிச்சி இவரு ஊர் ஊரா போய் வரைஞ்சி வெச்சிருந்த 188 குறிப்பு நோட்டும் எரிஞ்சி போச்சு, இவரு படத்த போட்ட வத்தானாபே கடையில இருந்த பலகைங்களும் போச்சு. அப்புறம் 100 நாளுக்கு மேல ஊர் சுத்தப் போயிட்டாரு, மறுபடி மொதல்ல இருந்து வரைஞ்சாரு. எனக்கு கெடச்சது ராத்திரி கடலு, பாய எறக்குன ஒரு படகு, ஓரம் கொஞ்சம் மஞ்சப் படிஞ்சிருக்கு, 80 வெள்ளி, அங்க நான் குடுத்ததுலயே அதிக வெல. ஓரத்துல முத்திரையும் பேரும் இருக்கு, முத்திரைய வெச்சி எந்த காலத்து அச்சுன்னு சொல்லலாம், அத தெரிஞ்சவங்க கிட்ட காட்டுற வரைக்கும் நான் பெருசா ஒண்ணும் சொல்ல மாட்டேன்.

இன்னொருத்தரு படத்த அங்க தேடிக்கிட்டே இருக்கேன், இது வரைக்கும் கெடைக்கல. யோஷிதா ஹிரோஷி, 1876ல பொறந்தவரு, மலை ஏறுறவரு, மலை மேலயே தங்கி வெளிச்சத்த பாத்து வரைஞ்சவரு. ஒரே பலகைங்கள வெச்சி நெறத்த மட்டும் மாத்தி ஒரே பாய்மரப் படக காலையில, மூடுபனியில, சாயங்காலம், ராத்திரின்னு தனித்தனி படமா எடுத்தாரு, 1926ல. நம்ம ஆளுங்க இவர தெரிஞ்சி வெச்சிருக்கணும், ஏன்னா 1930 கடைசியில கெளம்பி இந்தியா பக்கம் வந்தவரு, 1931ல மதுரக் கோயில மரக்கட்ட அச்சா போட்டிருக்காரு, சிங்கப்பூரையும் போட்டிருக்காரு. எங்க பாட்டி ஊரு மதுரைக்கு பக்கம், கப்பல் ஏறுனவங்க மறுபடி அந்த கோயில பாக்கவே இல்ல. அந்த படத்தோட சின்ன பிரதி கெடச்சாலும் சரி, வேலைக்கு இருக்கிற தங்கச்சி கிட்ட போட்டோ குடுத்து வெச்சிருக்கேன்.

இப்ப கடையில எனக்கு பிடிக்காதது. வெல ஸ்டிக்கர நேரா படத்து மேலயே ஒட்டுறாங்க. ஃபிரேமு கண்ணாடி மேல ஒட்டுனா சரி, வெறும் தாள்ல, அதுவும் வானத்துல, கெட்டி பசை ஸ்டிக்கரு. என் ரெண்டாவது படத்துல பிச்சி எடுத்தப்ப தாளோட மேல் தோலு ஒரு அம்பது காசு அளவுக்கு உரிஞ்சி வந்துடுச்சு. கடை மொதலாளி அபாங் (மலாய்ல அண்ணன்) கிட்ட சொன்னேன், அவரு பாவம், அது அவ்ளோ பெரிய விசயம்னே அவருக்கு தெரியல, இனிமே அட்ட மேல ஒட்டுறேன்னாரு, ஆனா போன வாரம் போனப்பவும் பாதி படத்துல தாள் மேல தான் இருந்துச்சு. நீங்க வாங்குனா அங்கயே பிச்சிடாதீங்க, வீட்டுக்கு கொண்டு வந்து ஹேர் டிரையரால தூரத்துல இருந்து லேசா சூடு காட்டி, தாளோட படுத்த மாதிரி மெதுவா இழுங்க.

ரெண்டாவது, அந்த பெட்டி இருக்கிற மூல ஈரம். கூரையில எங்கயோ ஒழுகுது, செவுரு ஓரம் பூஞ்ச வாட. பழுப்புப் புள்ளி விழுந்த படம் நெறைய, ஓரத்த பூச்சி அரிச்சதும் உண்டு. பழுப்புப் புள்ளி மலை மேலயோ வானத்துலயோ விழுந்திருந்தா விட்டுடுங்க, வெள்ள ஓரத்துல இருந்தா வெல கொறச்சிக் கேளுங்க, கொறைப்பாங்க. ஏர்கோன் இல்ல, மதியம் போனா வேர்த்து கொட்டும், அந்த வேர்வ கையோட படத்த தொடாதீங்க, ஒரு துண்டு எடுத்துட்டு போங்க.

ஃபிரேமு போடுறதுல நான் ஒரு பெரிய தப்பு நடக்க விட்டேன். வேற ஒரு கடையில குடுத்தேன், எந்த கடைன்னு வேணாம், அவங்க படத்த பின்னால சுத்தி செலோடேப்பு ஒட்டி கண்ணாடியோட நேரா அமுக்கி குடுத்துட்டாங்க. நம்ம ஊரு ஈரத்துக்கு மூணு மாசத்துல தாள் கண்ணாடியோட ஒட்டிக்கிச்சு, டேப்பு மஞ்சளாகி ஓரம் வழியா கசிஞ்சிருக்கு. இப்ப எல்லா படத்துக்கும் சொல்லி செய்யிறேன்: கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவுல அட்ட ஜன்னல் வேணும், அட்ட அமிலம் இல்லாததா இருக்கணும், படத்த மேல ஓரத்துல ரெண்டே எடத்துல மெல்லிசு தாளும் மாவுப் பசையும் வெச்சி தொங்க விடணும், நாலு பக்கமும் ஒட்டக் கூடாது, தாள் மழக்காலத்துல விரியும், வெயில்ல சுருங்கும், அதுக்கு எடம் வேணும். வெயில் நேரா விழுற செவுத்துல மாட்டாதீங்க. சாமி ரூம் வேண்டாம், சாம்பிராணி பொக. பாதி படங்க ஒரே அளவு, சுமாரா 38க்கு 26 செண்டிமீட்டர், ஒரு தடவ அட்ட ஜன்னல் நல்லா வெட்டி வெச்சிட்டா படத்த மாத்தி மாத்தி போடலாம், நான் அப்படித்தான் செய்யிறேன்.

வெல: தனித் தாள் 15ல இருந்து 40 வெள்ளி, ஃபிரேமோட இருந்தா 50, 80. மெஷின் பிரிண்டுக்கும் அதே வெல தான் போட்டிருக்காங்க, அதனால லென்சும் பொறுமையும் இருந்தா உங்களுக்கு லாபம். ரெண்டுக்கு மேல எடுத்தா அபாங் தானா கொறைப்பாரு. கார்டு எடுக்க மாட்டாங்க, கியூஆர் இருக்கு. காலையில பத்தரைக்கு தொறக்குறாங்க, வெள்ளிக்கிழம மதியம் தொழுகைக்கு சாத்திட்டு மூணு மணிக்கு தான் தொறப்பாங்க. பார்க்கிங் முன்னால கஷ்டம், பின் சந்துல விடுங்க. கன்டெய்னரு மாசத்துல ஒரு தடவ வருது, வந்த மறுநாள் போனா தான் நல்ல தாளு கெடைக்கும், ஒரு வாரத்துல பினாங்குல இருந்து ஆளுங்க வந்து அள்ளிட்டு போயிடுறாங்க. அது எனக்கு வருத்தம் தான், நம்ம கடையில வந்து எறங்குறத நம்ம ஊரு வீட்டு செவுத்துலயும் நாலு பேரு மாட்டணும்.

யுயி படம் இப்ப எங்க சமையக்கட்டு வாசலுக்கு எதிர் செவுத்துல இருக்கு. நான் ஹால்ல தான் மாட்டுனேன், அப்பா தான் எடுத்து மாத்துனாரு, அவரு இன்னமும் நாலரைக்கு எந்திரிச்சிடுவாரு, அங்க குந்தி காப்பி குடிக்கிறப்ப படம் நேரா தெரியும். போன சனிக்கிழம காலையில என்ன கூப்பிட்டு, அந்த மேல நிக்கிற ஆளுங்கள்ல ஒருத்தன் முதுகுல வெறகு கட்டு இருக்கு பாத்தியான்னாரு. லென்ச எடுத்துட்டு வந்து பாத்தேன், ஆமா, இருக்கு, ஒரு அரிசி அளவு. அடுத்த கன்டெய்னருக்கு அப்பாவையும் கூட்டிட்டு போறேன், 15வது எடம் கன்பாரா, ராத்திரி பனி விழுற படம், நெசமான அச்சா வந்தா எடுக்கணும், உங்க கண்ணுல மொதல்ல பட்டா ஸ்டிக்கர மட்டும் பிச்சிடாதீங்க.